பூசை அன்னிக்கு மாத்துன சர்வர்

உக்காருங்க, உக்காருங்க. ஜன்னலோரம் வேணும்னாலும் எடுத்துக்குங்க, எனக்கு இந்த பஸ்ஸுல எந்த சீட்டும் ஒண்ணுதான். ஏன்னு கேளுங்க. இந்த பாடி எங்க கம்பெனில கட்டுனது. இந்தக் கம்பி, மேல பை வெக்கற தட்டு, டிரைவர் பின்னாடி தடுப்பு, எல்லாம் எங்க ஷெட்டுதான். நான் கட்டலீங்க, நான் ஒரு ஆணி கூட அடிச்சதில்ல. நான் அங்க கம்ப்யூட்டர் ஆளு. சர்வரெல்லாம் என் பொறுப்பு. கரூர்ல போய் தனபால்னு கேட்டுப் பாருங்க... வேண்டாம், கேக்காதீங்க, ஒருத்தருக்கும் தெரியாது. அதைத்தான் சொல்ல வர்றேன்.

நீங்க திண்டுக்கல்லா? நானும் திண்டுக்கல்தான். வூட்டுக்காரி அங்க இருக்கறா. கூட்டிட்டு வரப் போறேன். சண்டை கிண்டையெல்லாம் இல்லீங்க, சே சே. பூசை லீவுக்குப் போனா. பூசை முடிஞ்சுருச்சு, தீபாவளி வருது, இனி அங்க என்ன வேலை? அதான் நானே நேர்ல போய்க் கூப்பிட்டா ஒரு மரியாதையா இருக்குமேன்னு கெளம்பிட்டேன். வருவா. வராம?

இந்த வருசப் பூசை எனக்கு எப்படிப் போச்சுன்னு கேட்டீங்கன்னா நீங்களே அசந்துருவீங்க. திண்டுக்கல் போற வரைக்கும் பேச்சு சரியா இருக்கும்.

எங்க கம்பெனில சர்வர் ரூம்னு ஒண்ணு இருக்குதுங்க. மாடிப்படிக்கு அடியில, பெயின்ட் ஷெட்டுக்குப் பக்கத்துல. கணக்கு, வண்டி வரைபடம், ஆளுங்க வருகைப் பதிவு, மெயில், எல்லாம் அதுக்குள்ளதான். எல்லாத்துலயும் லினக்ஸ். லினக்ஸ்னா ஒரே சாமான் இல்லீங்க. எஞ்சின் ஒண்ணுதான், அதுமேல கட்டிக் குடுக்கறவங்க வேற வேற. நாங்க வெச்சிருந்தது சென்ட்ஓஎஸ். தங்கம். எத்தனையோ வருசமா ஒரு தும்மல் கூட இல்லாம ஓடுச்சு. போன ஆனி மாசத்தோட அதைக் கட்டறவங்க கடையைச் சாத்திட்டாங்க. சாத்திட்டாங்கன்னா, உடனே நிக்காது, ஓடும். ஆனா நாளைக்கு அதுல ஒரு ஓட்டை கண்டுபுடிச்சா அடைக்கறதுக்கு ஆள் கிடையாது.

முதலாளிகிட்டப் போய்ச் சொன்னேன். ரத்தினசாமி ஐயா. பெரிய மனுசன், வெள்ளை வேட்டில கிரீஸ் படாம ஷெட்டைச் சுத்தி வருவார்.

"ஓடிட்டுதானே இருக்குது?"ன்னார்.

"ஓடுதுங்க."

"அப்பறம் என்ன?"

அவருக்கு எப்படிங்க புரிய வெக்கறது? இதுக்கு நடுவுல கோயமுத்தூர்லருந்து ரெண்டு பேர் டை கட்டிட்டு வந்துட்டாங்க. எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க, புது மெஷின் வாங்குங்க, புதுசா ஏத்துங்க, ஒவ்வொண்ணா நாங்க மாத்தித் தர்றோம்னாங்க. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. நல்லா இருக்கற மெஷினை எதுக்குங்க தூக்கிப் போடணும்? நான் ஐயாவைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன்: "நம்ம ஷெட்டுல பழைய சேஸிஸை வெச்சுக்கிட்டு மேல புது பாடி கட்டறோமில்லீங்களா, அதையேதான் நானும் பண்ணப் போறேன். மெஷின் அதே மெஷின், பேர் அதே பேர், அட்ரஸ் அதே அட்ரஸ், பாஸ்வேர்டு கூட மாறாது. உள்ள மட்டும் சென்ட்ஓஎஸ் போய் அல்மா லினக்ஸ் வந்துரும். ஒரே வித்தியாசம், நம்ம ஷெட்டுல வண்டி காலியா நிக்கும். இங்க ஆளுங்க உக்காந்தபடியே இருப்பாங்க."

ஐயா சிரிச்சுட்டார். "உக்காந்திருக்கறவனுக்குத் தெரியாதா?"

"தெரியவே கூடாதுங்க. தெரியாம மாத்துனாத்தான் அது வேலை."

அந்த ஒரு வார்த்தைல மனுசன் விழுந்துட்டார். டை கட்டுனவங்க டீ குடிச்சுட்டுக் கெளம்பிட்டாங்க.

அதுக்கப்பறம் ஒத்திகை. சர்வரோட நகலை என் லேப்டாப்புல ஏத்தி, வூட்ல சாப்பாட்டு மேசைல உக்காந்து, மாத்திப் பாக்கறது, கவுந்தா எதனாலன்னு பாக்கறது, மறுபடி மாத்தறது. தினமும் சாயங்காலம் இதான். மேகலா, அதாங்க என் வூட்டுக்காரி, எதிர்ல உக்காந்து பேசிட்டே இருப்பா. நானும் ம், ம்னு கேட்டுட்டே இருப்பேன். சில பேர் பொண்டாட்டி பேசுனாலே எரிஞ்சு விழுவாங்க, எனக்கு அந்தப் பழக்கம் இல்ல. எவ்வளவு வேணாலும் பேசலாம்.

அவளுக்குத் தையல் நல்லா வரும். ஆரி வேலை, ஜாக்கெட்டுக்கு மணி வெச்சுத் தைக்கறது, அதெல்லாம். எங்க பொண்ணு சிந்துஜா திண்டுக்கல்ல காலேஜ் சேந்திருக்கறா, ஹாஸ்டல் சோறு ஒத்துக்கல. அங்கயே ஒரு கடை புடிச்சு, மேல ஒரு ரூம் போட்டு, தையல் சொல்லிக் குடுக்கலாமான்னு மேகலா கேட்டா. நான் ம்னு சொல்லியிருப்பேன் போல. விஜயதசமி அன்னிக்கு ஆரம்பிச்சா நல்லதுன்னா. அதுக்கும் ம்னேன். பொம்பளைங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு வேணுமில்லீங்களா?

ஆவணில அவ தையல் மெஷினை அவ தம்பி வந்து ஏத்திட்டுப் போனான். சர்வீஸுக்குத்தான் போகுதுன்னு நெனச்சேன். அப்பறம் மிக்ஸி. அப்பறம் சிந்துஜாவோட சைக்கிள். ஒரு நாள் பீரோவைத் தொறந்தா கதவு சும்மா பஞ்சு மாதிரி மூடுது. முன்னெல்லாம் சேலை பிதுங்கிட்டு நிக்கும், முட்டியைக் குடுத்துத்தான் சாத்தணும். என்ன அம்மிணி, இவ்வளவு நீட்டா அடுக்கி வெச்சுட்டேன்னு பாராட்டுனேன். என்னையே பாத்துட்டு இருந்தா. பாராட்டுனா அவளுக்குக் கூச்சம்.

அரவக்குறிச்சி வந்துருச்சு பாருங்க. டீ கீ குடிக்கறீங்களா? வேண்டாமா? சரி, விசயத்துக்கு வர்றேன்.

ஒத்திகையெல்லாம் முடிஞ்சுது. ஆனா நெசமா மாத்தறப்ப ஒவ்வொரு மெஷினையும் ஒரு தடவையாவது நிறுத்தி எழுப்பணும், ரீபூட்டும்பாங்க. எங்க கம்பெனி நிக்காதுங்க. ஞாயித்துக்கிழமையும் ஓவர்டைம். வருசத்துல ஒரே ஒரு நாள்தான் முழுசா நிக்கும். ஆயுத பூசை. நான் போய் ஐயாகிட்ட அந்த நாளைக் கேட்டேன். அவர் காதைப் பொத்திக்காத கொறைதான்.

"ஆயுத பூசை அன்னிக்கு ஆயுதத்தைத் தொடறதா? பூசை போட்டு வெச்சா விஜயதசமி வரைக்கும் ஸ்பேனரைக் கூட ஒருத்தன் எடுக்க மாட்டான் இங்க. உன் பொட்டி மட்டும் என்ன உசத்தி? அதுவும் ஓய்வெடுக்கட்டும்."

எனக்கு இந்த மூட நம்பிக்கையெல்லாம் கிடையாதுங்க. ராகு காலத்துல ரீபூட் பண்ண மாட்டேன், அது வேற. அது அனுபவம். ஆனா முதலாளியை எதுத்துக்க முடியுமா? யோசிச்சேன். "ஐயா, நான் தொடவே மாட்டேன். கீபோர்டு, மவுஸு எல்லாம் சாமி முன்னாடி வெச்சர்றேன். நான் வூட்ல இருந்துக்கறேன். அங்கிருந்தே லைன் வழியா வேலை பாத்துக்கறேன். கை படாது"ன்னேன். ஐயா கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பாத்தார். "கை படலைன்னா தப்பில்ல"ன்னுட்டார்.

அன்னிக்குக் காலைல கம்பெனில பூசை. வெல்டிங் மெஷின், கம்ப்ரெசர், டிரில்லு, எல்லாத்துக்கும் சந்தனம், குங்குமம், மாலை. பொரி, அவல், சுண்டல். பூசணிக்காய் ஒடச்சாச்சு. கணக்கு பாக்கற ருக்மணியக்கா சர்வர் ரூமுக்கும் வந்து, ஒவ்வொரு மெஷினுக்கும் பொட்டு வெச்சு, கற்பூரம் காட்டிட்டுப் போனாங்க. நானும் கும்புட்டுட்டு வூட்டுக்கு ஓடியாந்துட்டேன்.

வூட்ல பாத்தா ஒரே கூட்டம். மச்சினன் குடும்பம் திண்டுக்கல்லருந்து கார்ல வந்திருக்குது. சிந்துஜாவும் வந்திருக்கறா. மேகலா பலகை போட்டு, கோலம் போட்டு, புள்ள புஸ்தகமெல்லாம் அடுக்கி, அவ கத்திரிக்கோலு, நூல்கண்டு, அளவெடுக்கற டேப்பு, எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிருக்கறா. என்னைப் பாத்ததும் கையை நீட்டுறா.

"லேப்டாப்பைக் குடுங்க."

"எதுக்கு?"

"பூசைல வெக்க. உங்க ஆயுதம் அதுதானே?"

"அது இன்னிக்குத்தான் வேணும், அம்மிணி."

"ஒரு நாள்தான். நாளைக்குக் காலைல நாம எல்லாரும் திண்டுக்கல் போறோம், கடை ஆரம்பிக்கறோம். அதுவரைக்கும் சாமி முன்னாடி இருக்கட்டும்."

நான் பாத்தேன், மனசு கேக்கல. மேசைல கெடந்த மவுஸை எடுத்துக் குடுத்தேன். இதை வெச்சுக்கோன்னேன். சிந்துஜா விழுந்து விழுந்து சிரிச்சா. மேகலா சிரிக்கல. அந்த மவுஸை வாங்கி, தொடச்சு, பொட்டு வெச்சு, கத்திரிக்கோலுக்குப் பக்கத்துல வெச்சா. அவ்வளவு அடக்கமான மனுசிங்க.

அவங்க சாமி கும்புடறாங்க, நான் சாப்பாட்டு மேசைல ஆரம்பிச்சுட்டேன். மொத மெஷின், வருகைப் பதிவு. நான் எழுதி வெச்ச ஸ்கிரிப்டை ஓட விட்டா பழைய சாப்ட்வேர் பொட்டலத்தையெல்லாம் ஒவ்வொண்ணாக் கழட்டும், அந்தந்த எடத்துலயே புதுசைச் சொருகும். திரைல எழுத்து மழை மாதிரி ஓடும். முடிஞ்சதும் ரீபூட். ரீபூட் குடுத்துட்டு, இருக்கியா, இருக்கியான்னு அதைக் கேட்டுட்டே உக்காந்திருப்போம் பாருங்க. பதிலே வராது. அப்பறம் டக்குனு, இருக்கேன்னு ஒரு வரி வரும். எங்கப்பா அம்மா மேல சத்தியமாச் சொல்றேன், அந்த ஒரு வரிக்கு ஈடா ஒலகத்துல ஒரு சந்தோசம் இல்லீங்க.

அது வந்துது. மெயில் வந்துது. வரைபடம் வந்துது. கடைசியா கணக்கு. ரீபூட் குடுத்தேன். எலை போட்டுட்டாங்க, வாங்கன்னு மேகலா கூப்பிடறா. உக்காந்தேன். வடையைக் கைல எடுத்துட்டேன், கண்ணு லேப்டாப்புல. பதில் வரல. பாயசம் வந்துருச்சு, பதில் வரல. எந்திரிச்சுட்டேன்.

"எலைல பாதில எந்திரிக்காதீங்க"ன்னா மேகலா.

"கணக்கு சர்வர் எந்திரிக்கலை, அம்மிணி!"

பைக்கை எடுத்துட்டுப் பறந்தேன். கம்பெனில வாச்மேன் முனியப்பன் மட்டும்தான். சர்வர் ரூமைத் தொறந்தா, கணக்கு மெஷின் செத்த பொணமா நிக்குது. கிட்டப் போய்ப் பாக்கறேன்... பவர் பட்டன் மேலயே ருக்மணியக்கா சந்தனத்தை அப்பியிருக்கறாங்க. இத்தாப் பெரிய உருண்டை, நடுவுல குங்குமம். அது காஞ்சு இறுக இறுக பட்டனை உள்ள அமுக்கி, சரியா நான் ரீபூட் குடுக்கற நேரத்துக்கு அப்படியே ஒட்டிக்கிச்சு. எந்திரிக்கப் பாக்கும், பட்டன் அமுங்கியிருக்கறதைப் பாத்துட்டு மறுபடி படுத்துரும். அப்பறம் அக்காகிட்டக் கேட்டேன், ஏனுங்க்கா அங்க வெச்சீங்கன்னு. "மூஞ்சியாட்டம் இருந்துச்சு, நடு நெத்தி எங்கன்னு பாத்து வெச்சேன்"னாங்க. அவங்களை என்ன சொல்றது!

தொடைக்கலாம்னு கையை நீட்டறேன், முனியப்பன் குறுக்க வந்துட்டார்.

"பூசை போட்டதைத் தொடக்கூடாதுங்க. ஐயா சொல்லிட்டுப் போயிருக்கறாரு."

"சந்தனத்தை எடுக்கலைன்னா மெஷின் எந்திரிக்காது, முனியப்பா."

"நாளைக்கு எந்திரிக்கட்டும்ங்க."

மனுசன் அசைய மாட்டேங்கறார். ஐயாவுக்குப் போன் போட்டா அவர் மத்தியானத் தூக்கத்துல இருக்கறார். விசயத்தைச் சொன்னேன். ஐயா யோசிச்சார். அப்பறம் சொன்னார் பாருங்க, அதான் பெரிய மனுசங்கறது: "ரிப்பேருன்னு தொடாதே. தொட்டுக் கும்புட்டுக்கோ. கும்புடறவன் சந்தனம் எடுத்து நெத்தில வெச்சுக்கறதுல தப்பே இல்ல."

செருப்பைக் கழட்டி விட்டேன். மெஷினைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். விரல்ல தண்ணி தொட்டு அந்தச் சந்தனத்தைக் கரைச்சுக் கரைச்சு எடுத்து என் நெத்தில வெச்சேன், கழுத்துல வெச்சேன், மிச்சத்தை முனியப்பனுக்கும் வெச்சு விட்டேன். பட்டன் டப்புனு வெளிய வந்துருச்சு. ஃபேன் சுத்துது! புது அல்மாவோட எந்திரிக்குது! நானும் முனியப்பனும் கையெடுத்துக் கும்புட்டுட்டு நிக்கறோம், எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க.

ஒவ்வொண்ணா சரி பாத்துட்டு, சாயங்காலம் வூட்டுக்கு வந்தேன். யாரையும் காணோம். கார் இல்ல. மேசைல சாப்பாடு எடுத்து வெச்சு, தட்டு போட்டு மூடியிருந்துது. போன் போட்டேன். "நாங்க கெளம்பிட்டோம்ங்க. காலைல கடை ஆரம்பம். முடிஞ்சா வாங்க"ன்னா. கத்தல, அழல. அடுத்த வூட்டுப் பொம்பளையா இருந்தா அந்தப் பாதி எலைக்கே தெருவைக் கூட்டியிருப்பா. விஜயதசமி அன்னிக்கு நான் கம்பெனில இருந்தாகணுமே, புது சர்வரோட மொத நாள். ஆன்லைன்ல ஒரு பெரிய மாலை அனுப்பி வெச்சேன். கடை பேர் தெரியல, அவ பேருக்கே அனுப்பிட்டேன்.

அந்த மொத நாளைச் சொல்லணும். ஆளுங்க வந்தாங்க, விரல் வெச்சாங்க, வருகை பதிஞ்சுது. ருக்மணியக்கா கணக்கைத் தொறந்தாங்க, போட்டாங்க, மூடுனாங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர், என்ன தனபால், ஏதோ மாறியிருக்குதேன்னு கேக்கலீங்க! அடி முதல் நுனி வரைக்கும் மாத்தியாச்சு, ஒருத்தருக்கும் தெரியல. அதான் வெற்றி. நானே ருக்மணியக்காகிட்டப் போய், எதாச்சும் வித்தியாசம் தெரியுதுங்களான்னு கேட்டேன். இல்லையேன்னாங்க. நல்லாப் பாருங்கன்னேன். "உனக்கு வேற வேலை இல்லையா?"ன்னுட்டாங்க. ஐயாகிட்டச் சொன்னேன். ஓடிட்டுதானே இருக்குதுன்னுட்டு பெயின்ட் ஷெட்டுக்குப் போயிட்டார். ஏனுங்க, வாய் தொறந்து ஒரு வார்த்தை நல்லாருக்குதுன்னு சொன்னா இவங்க முத்து உதிந்துருமா? பக்கத்துலயே இருக்கறோம், ராப்பகலாப் பாக்கறோம், ஒருத்தன் திரும்பிப் பாக்க மாட்டேங்கறான். வயிறு எரியுதுங்க.

மேகலாகிட்டத்தான் சொன்னேன், போன்ல. "அத்தனையும் மாத்திட்டேன், ஒருத்தருக்கும் தெரியல"ன்னு. அவ சிரிச்சா. ரொம்ப நாள் கழிச்சு அப்படிச் சிரிச்சா. "எனக்கும் அப்படித்தாங்க ஆச்சு"ன்னா. கடை ஆரம்பிச்சதைச் சொல்றா. கூட்டம் வரல போல. மொதல்ல அப்படித்தான் இருக்கும், கவலைப்படாதேன்னு தைரியம் சொன்னேன்.

வேடசந்தூர் தாண்டிட்டோமா? பேசிட்டு வந்ததுல தெரியவே இல்ல.

உண்மையைச் சொல்லணும்னா, வூடு ஒரு மாதிரி இருக்குதுங்க. சாயங்காலம் போய் அந்த மேசைல உக்காந்தா, எதிர் நாற்காலி காலி. ம்னு சொல்லக் கூட வழியில்ல. ரெண்டு நாள் லேப்டாப்பையே தொறக்கல. எனக்கு அவ இல்லாம முடியலீங்க. இதை அவகிட்டச் சொல்லணும்னுதான் நெனச்சுட்டு வர்றேன். சொல்லப் போனா, வூட்ல ஒரு சாமானை நான் நகத்தல. அவ வெச்சது வெச்சபடி இருக்குது. எதையுமே மாத்தலைன்னு சொன்னா சந்தோசப்படுவா.

நேத்து போன் பண்ணிக் கேட்டேன், நாளைக்கு வரட்டுமான்னு. பின்னாடி மெஷின் சத்தம் கேக்குது, பொண்ணுங்க பேசற சத்தம் கேக்குது. அப்பறம் நல்லா, மரியாதையா, "வாங்களேன். கறிக்கொழம்பு வெக்கறேன், மத்தியானம் இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னா. பாத்தீங்களா? ஒரு துளி கோவம் இல்ல.

ஏனுங்க, எதுக்கு அப்படிப் பாக்கறீங்க? வாங்கன்னுதானே சொன்னா?